தலைவர் அவர்களே

கொஞ்சம் அக்கட்ட நகந்து உக்காருங்க தம்பி. ஆங், போதுமுங்க. இந்த வெயில்ல பஸ்ல போயி ரொம்ப வருசமாச்சு. கார் இருக்குதுங்க. வாசல்லதான் நிக்குது. ஓட்டறவன் வரமாட்டேன்னு சொல்லிப்போட்டான். ஏன் வரமாட்டேன்னான்னு பொறவு சொல்றேன். சொல்லாம விடமாட்டேன். நெஞ்சுல கொதிக்குதுங்க.

ஈரோடு வரைக்குங்களா? நானும் ஈரோடுதான். கல்வி அதிகாரியைப் பாக்கப் போறேன். நீங்க? பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேத்த விசாரிக்கவா? நல்லதுங்க. நல்லா விசாரிங்க. வேன் வருதா, மார்க் எடுக்கறாங்களா, இங்கிலீஷ் பேசறாங்களா, அதெல்லாம் அல்லாரும் விசாரிக்கறதுதான். நான் ஒண்ணு சொல்றேன், அதையும் சேத்து விசாரிங்க. அங்க இருக்கற டீச்சருங்க பாடத்தை நடத்திட்டுப் போறவங்களா, புள்ளைங்களைப் பேச வெக்கறவங்களா? பேச வெக்கறவங்கன்னு தெரிஞ்சா பாப்பாவைத் தூக்கிட்டு ஓடி வந்துருங்க. பட்டவன் சொல்றேன்.

எம் பேரு நாச்சிமுத்து. கவுந்தப்பாடிக்கு மேக்கால ஊரு. ஊராட்சித் துணைத் தலைவர். எங்க ஊரு மேனிலைப் பள்ளியில பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் நான்தான். போட்டியே கிடையாது. ஒவ்வொரு தடவையும் எம் பேரைச் சொல்லுவாங்க, அல்லாரும் கை தட்டுவாங்க, முடிஞ்சுது. சும்மா தட்டுவாங்களா? அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் செஞ்சது கொஞ்சமா?

பொண்ணுங்களுக்குக் கழிப்பறை கட்டிக் குடுத்தது ஆரு? நானுங்க. கோபிக்கும் ஈரோட்டுக்கும் நாயா அலைஞ்சு, பாக்க வேண்டியவங்களைப் பாத்து, உக்கார வேண்டிய இடத்துல உக்காந்து, கட்ட வெச்சேன். உள்ளுக்குள்ள டைல்ஸ் ஒட்டி வெள்ளைவெளேர்னு. எங்க ஊட்டுல கூட அந்த டைல்ஸ் இல்ல. கல்வெட்டு வெச்சோம். எம் பேரு மூணாவது வரியில. திறப்பு விழாவுக்கு மேளம், மாலை, லட்டு. ரிப்பன் வெட்டினோம், சுத்திப் பாத்தோம், போட்டோ எடுத்தோம், பூட்டினோம்.

பூட்டாம என்னங்க பண்றது? புள்ளைங்க கையில விட்டா ஒரே மாசத்துல நாறடிச்சுருவாங்க. கழுவறதுக்கு ஆளு போடல. மேல தொட்டி இருக்குது, அதுக்குக் குழாய் இன்னும் இழுக்கல. நாளைக்கு ஆய்வுன்னு ஆராச்சும் வந்தா திறந்து காட்டோணுமில்ல? அதனால சாவியை நானே வெச்சுக்கிட்டேன். எங்க ஊட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணியில தொங்கும். கட்டின நாள்ல இருந்து ஒரு டைல்ஸ்ல ஒரு கறை பட்டதில்லீங்க. அந்த மாதிரி காப்பாத்தினேன்.

எனக்கு ஒரே பொண்ணு. மௌனிகா. பேருக்குத் தகுந்த புள்ளை. கூப்பிட்டா 'ம்'பா. சோறு போட்டா சாப்பிடுவா. ஒறம்பரை வந்தா தண்ணி சொம்பைக் குடுத்துட்டு உள்ள போயிருவா. 'நாச்சிமுத்து, உம் பொண்ணு இருக்கற எடமே தெரியலியே'ன்னு ஊருக்குள்ள சொல்லுவாங்க. எனக்கு அது எவ்வளவு பெருமை தெரியுங்களா? மார்க்கும் நல்லா எடுப்பா. அவ்வப்போது காய்ச்சல் வரும், அடிவயித்து வலி வரும், அது ஒண்ணுதான் வெசனம். ஒருக்கா நெம்ப முடியாமப் போயி கோபியில ஆஸ்பத்திரியில சேத்தினோம். டாக்டரம்மா பிடிச்சுத் திட்டினாங்க, பொண்ணு தண்ணியே குடிக்கறதில்லையான்னு. நான் என்ன செய்வேன்? நல்ல பாட்டிலா வாங்கிக் குடுத்தேன். காலையில நெறையாப் போகும், பொழுதோட நெறையாவே திரும்பி வரும். 'குடி சாமி, குடி கண்ணு'ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தலையை ஆட்டுவா. புள்ளைக்கு மறதி, வேற என்ன.

அப்பத்தான் அந்தம்மா வந்தாங்க. செண்பகவல்லி டீச்சர். கோவில்பட்டிப் பக்கம். மாத்தலாகி இங்க வந்தாங்க. சின்ன உருவம், மூக்குக் கண்ணாடி, தோள்ல ஒரு துணிப்பை. பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க. ஹெட்மாஸ்டர் கதிரேசன் சார் என்கிட்ட கூட்டியாந்து, 'தலைவருங்க'ன்னு அறிமுகப்படுத்தினாரு. அந்தம்மா கும்பிட்டுட்டு என்ன கேட்டாங்க தெரியுங்களா? 'பொண்ணுங்க கழிப்பறை பூட்டியிருக்கே சார், வேலை நடக்குதா?'ன்னு கேட்டாங்க. 'ஆமா, நடக்குது'ன்னேன். வந்த அன்னைக்கே! அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கோணும்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுல பேச்சு மன்றம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. புள்ளைங்க பேப்பர் படிக்கோணும், எந்திரிச்சு நின்னு பேசோணும். இன்னொருத்தர் அதை மறுத்துப் பேசோணும். அடிச்சுக்கக் கூடாது, அழுகக் கூடாது, பேசோணும். கதிரேசன் சார் என்கிட்ட கேட்டாரு, விடலாமுங்களான்னு. பேச்சுப் போட்டியில பரிசு வாங்கினா பள்ளிக்கூடத்துக்குப் பேருதானேன்னு நானும் விடச் சொல்லிப்போட்டேன்.

மொதல்ல ஒண்ணும் தெரியலீங்க. ஒருநா ராத்திரி சாப்பிட்டுட்டு எம் மச்சானும் நானும் அரசியல் நாயம் பேசிட்டு இருந்தோம். 'துணைத் தலைவர் பதவின்னா சும்மாவா, மாப்பிள்ளையை அசைக்க முடியுமா'ன்னு அவன் சொன்னான். சொம்பை வெக்க வந்த எம் பொண்ணு நின்னா. 'மாமா, துணைத் தலைவரை வார்டு மெம்பர்கள்தான் தேர்ந்தெடுக்கறாங்க. நம்பிக்கை இல்லைன்னா அவங்களே நீக்கவும் செய்யலாம்'னா. சொல்லிட்டு உள்ள போயிட்டா. நான் சிரிச்சேன். ஆமாங்க, சிரிச்சேன். புள்ளை புத்திசாலியாப் பேசுதேன்னு அன்னைக்கு ஒரு சந்தோசம். அங்கதான் ஏமாந்தேன்.

பொறவு சனவரி இருபத்தாறு வந்துது. கிராம சபைக் கூட்டம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், பந்தல் போட்டு, வரவு செலவு படிச்சு, தீர்மானம் போட்டு, டீ குடிச்சுட்டு முடிச்சுருவோம். அன்னைக்கு அந்த டீச்சரம்மா பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்து பின்னால உக்கார வெச்சாங்க. 'பாடத்துல கிராம சபை வருது சார், நேர்ல பாக்கட்டும்'னாங்க. பாக்கட்டும். பாத்துட்டுப் போறதுதான முறை?

மேல இருந்து வந்த ஆபீசர் 'வேற ஏதாச்சும் கேக்கணுமா?'ன்னாரு. அது வழக்கமாக் கேக்கறதுங்க. ஆரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. அன்னைக்குப் பின்னால இருந்து ஒரு பொண்ணு எந்திரிச்சுது. பாத்தா என் ஊட்டுப் பொண்ணு.

'வணக்கமுங்க. எம் பேரு மௌனிகா. பதினொண்ணாம் வகுப்பு. எங்க பள்ளிக்கூடத்துல பொண்ணுங்களுக்குக் கட்டின கழிப்பறை பூட்டியே இருக்குது. சாவி ஆருகிட்ட இருக்குது, எப்பத் திறப்பாங்கன்னு சொல்லோணும்'னா.

தெரியாமயா கேட்டா? தெனமும் அந்த ஆணிக்குப் பக்கத்துல நின்னுதான விபூதி வெக்கறா?

ஆபீசர் எங்களைப் பாத்து, 'யாருங்க சாவி வெச்சிருக்கிறது?'ன்னாரு. ஊராட்சித் தலைவர் என்னைப் பாத்தாரு. மெம்பருங்க அல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் எந்திரிச்சு, 'பராமரிப்புக்காக என்கிட்டதான் இருக்குதுங்க'ன்னேன். பொம்பளைங்க பக்கத்துல ஒரு சிரிப்பு. ஒருத்தி சிரிச்சா, பக்கத்துல இருக்கறவ சிரிச்சா, கடைசியில பந்தலே சிரிக்குது. என்னை! நான் கட்டின கழிப்பறைக்கு நானே சிரிப்பாணியாப் போனேன். ஆபீசர் ஆவன செய்யறதா ஒரு தீர்மானம் போட்டுட்டுப் போயிட்டாரு.

ஊட்டுக்கு வந்ததும் கேட்டேன். 'ஓட்டு இல்லாதவளுக்கு அங்க என்ன கேள்வி?'

'தீர்மானத்துக்குக் கை தூக்கத்தானுங்கப்பா ஓட்டு வேணும். கேக்கறதுக்கு வேண்டாமுங்க.'

'என்கிட்ட ஊட்டுல கேட்டிருக்கலாமில்ல?'

'போன வருசம் கேட்டேனுங்க. அதெல்லாம் பொட்டப்புள்ளை பேசற பேச்சான்னு சொன்னீங்க.'

அறைஞ்சேன். ஆமாங்க, அறைஞ்சேன். மொத தடவை. அதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. அவ அழுகல, அதுதான் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு எரியுது. முன்னெல்லாம் நான் முறைச்சாலே கண்ணு கலங்கும். அன்னைக்குக் கன்னத்தைப் பிடிச்சுட்டு என்னையே பாத்துட்டு நின்னா. 'மறுத்துப் பேசுங்கப்பா, அடிக்காதீங்க'ன்னா. ஆரு சொல்லிக் குடுத்த பேச்சு அது? நீங்களே சொல்லுங்க.

அடுத்த நாளே பள்ளிக்கூடம் போனேன். டீச்சரம்மாவை ஹெட்மாஸ்டர் ரூமுக்குக் கூப்பிட்டேன். 'ஏம்மா, பள்ளிக்கூடம் எதுக்கு இருக்குது?'ன்னேன்.

'படிக்கறதுக்கு சார்.'

'படிக்க மட்டும் வெச்சா போதும். ஊரு நாயத்துல எல்லாம் புள்ளைங்களை இழுத்துவிடாதீங்க. எம் பொண்ணுக்கு அப்படிக் கேக்கச் சொல்லி நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?'

அந்தம்மா குரலே உயத்தல. 'இல்ல சார். மன்றத்துல ஒருநாள் உங்களுக்கு எது கஷ்டமா இருக்குன்னு பேசச் சொன்னேன். பத்தாம் வகுப்புல இருந்து பன்னெண்டாம் வகுப்பு வரைக்கும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாங்க. காலையில வீட்டுல தண்ணி குடிக்கறதில்லையாம். மத்தியானம் சாப்பாட்டோட குடிக்கறதில்லையாம். மாசத்துல சில நாள் வர்றதே இல்லையாம். இதை எங்க போய்ச் சொல்றதுன்னு கேட்டாங்க. சொல்லுற இடம் எதுன்னு பாடப் புத்தகத்துலயே இருக்கு, அதைக் காட்டினேன்.'

'பாடப் புத்தகத்துல இருந்தா? பரிச்சைக்குப் படிக்கத்தான அது!'

கதிரேசன் சார் இருமினாரு. அந்தம்மா கேட்டாங்க, 'சார், சாவி எப்பக் குடுப்பீங்க?'ன்னு. என் மூஞ்சிக்கு நேராக் கேட்டாங்க தம்பி. நான் எந்திரிச்சு வந்துட்டேன்.

இருங்க, கவுந்தப்பாடி வந்துட்டுது. கண்டக்டர்! கண்டக்டர் தம்பி! ரெண்டு நிமிசம் நில்லுங்க. சர்க்கரை இருக்குதுங்க எனக்கு, அடக்க முடியாது. இந்தச் சந்துல போயிட்டு வந்துர்றேன். பையைப் பாத்துக்கங்க தம்பி, எடத்தை விட்டுறாதீங்க.

வந்துட்டேனுங்க. அடேயப்பா. இந்தச் சர்க்கரை வந்தா மனுசனுக்குப் பெரிய தண்டனைங்க. அரை மணி நேரம் அடக்கினா உசுரே போயிரும் போல இருக்குது. நல்லவேளை, ஆம்பளைக்கு எங்க நின்னாலும் எடம்தான். சரி, எங்க விட்டேன்? ஆங், டீச்சரம்மா.

சரி, ஒரு வாட்டி வாங்கிக் கட்டிக்கிட்டாங்க, அடங்கிருவாங்கன்னு நெனச்சேன். ஒரு மாசம் ஒண்ணும் இல்ல. நானும் மறந்துட்டேன். பொறவு ஒருநா காலையில காட்டுல மஞ்சளுக்குத் தண்ணி கட்டிட்டு இருக்கறேன், கதிரேசன் சார் போன் பண்றாரு. 'தலைவருங்களே, சீக்கிரம் வாங்க. பொண்ணுங்க வகுப்புக்குப் போகமாட்டேங்கறாங்க'ன்னாரு.

போயிப் பாத்தா, வரிசை. அந்தக் கழிப்பறைக் கதவுக்கு முன்னால இருந்து, வேப்பமரத்தைச் சுத்தி, மைதானத்தைத் தாண்டி கேட்டு வரைக்கும் வரிசை. அத்தனை பொண்ணுங்களும் நிக்கறாங்க. கோசம் கிடையாது, கொடி கிடையாது. ஒரு பேச்சு கிடையாது. அல்லாரு கையிலயும் தண்ணி பாட்டில். அல்லா பாட்டிலும் காலி. காலையில வந்ததும் அத்தனை பேரும் தண்ணியை வயிறு முட்டக் குடிச்சுப்போட்டு வந்து வரிசையில நின்னுட்டாங்களாம். 'எங்களுக்குப் போகோணும் சார், திறந்துவிடுங்க, போயிட்டு வகுப்புக்குப் போறோம்'னு சொன்னாங்களாம். அவ்வளவுதான் பேச்சு. பசங்க எல்லாம் சன்னல்ல தொத்திக்கிட்டுப் பாக்கறானுங்க. ரோட்டுல போறவன் எல்லாம் வண்டியை நிறுத்திட்டுப் பாக்கறான். டீச்சரம்மா எங்கன்னு பாத்தேன். வகுப்புல உக்காந்து பசங்களுக்குப் பாடம் நடத்திட்டு இருக்கறாங்க! கெட்டிக்காரத்தனத்தைப் பாத்தீங்களா? தான் பக்கத்துலயே இல்ல!

வரிசையில மொதல்ல நிக்கறது பவித்ரா. என் காரை ஓட்டற மாரப்பனோட பொண்ணு. அவ அப்பனும் தாத்தனும் எங்க காட்டுல வேலை செஞ்சவங்க. அவளுக்கு அடுத்தது எம் பொண்ணு. அவளுக்குப் பின்னால நிக்கறா, தெரியுதுங்களா? பின்னால!

நான் கிட்டப் போனேன். 'அம்மணி, ஊட்டுக்கு நட'ன்னேன்.

அவ நேரா நின்னா. காலு ரெண்டும் நடுங்குது. தண்ணி குடிச்சதுனாலயோ, பயத்துனாலயோ, எனக்குத் தெரியாதுங்க. வேர்த்துக் கொட்டுது. ஆனா பேசறா. 'பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே'ன்னா.

தம்பி, அந்த வார்த்தையை நான் எத்தனை மேடையில கேட்டிருக்கறேன். மாலை போடும்போது கேட்டிருக்கறேன். நான் தூக்கி வளத்தின பொண்ணு, அப்பான்னு கூப்பிட வேண்டிய வாயால, மூணாம் மனுசனைக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டா பாருங்க. 'தலைவர் அவர்களே, தயவுசெஞ்சு கதவைத் திறந்துவிடுங்க. எங்களால நிக்க முடியல'ன்னா.

நான் என்ன சொன்னேன்னா, சாவி ஊட்டுல இருக்குது, இப்ப கொண்டுவர ஆளில்ல, பொறவு பாத்துக்கலாம், மொதல்ல வகுப்புக்குப் போங்கன்னேன். ஒருத்தி நகரல. பின்னால ஒரு சின்னப் புள்ளை, ஆறாவதோ ஏழாவதோ, அழுதுட்டே நிக்குது. முடியலக்கா, முடியலக்கான்னு முன்னால நிக்கறவளைப் புடிச்சுட்டு அழுகுது. அப்பவும் வரிசையை விட்டுப் போகல. என்ன வைராக்கியம்! இந்த வைராக்கியத்தைக் கணக்குப் பாடத்துல காட்டினா மாநிலத்துல மொதல்ல வரலாம்!

அப்ப கேட்டுப் பக்கம் ஒரு சலசலப்பு. திரும்பிப் பாக்கறேன். துளசிமணி வர்றா. எம் பொண்டாட்டி. கல்யாணமான நாள்ல இருந்து என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசினதில்ல. சமையக்கட்டுல இருந்து வந்தவ மாதிரி, முந்தானையில கையைத் தொடச்சுக்கிட்டே வேகமா வர்றா. கையில சாவி.

'ஏ, நீ எதுக்கு வந்தே?'ன்னேன்.

என்னைத் தாண்டிப் போனா. பூட்டைத் திறக்கறா, திறக்க வரல. துருப்பிடிச்சுப் போச்சு. பக்கத்துல கிடந்த கல்லை எடுத்து ரெண்டு தட்டுத் தட்டினா. திறந்துது. அந்த அழுத சின்னப் புள்ளையைக் கையைப் புடிச்சு மொதல்ல உள்ள விட்டா. அப்பறம் பெரிய பொண்ணுங்களைப் பாத்து, 'தொட்டியில தண்ணி இல்ல. நாலு பேரு கிணத்துக்குப் போயி குடத்துல எடுத்தாங்க கண்ணுங்களா'ன்னா. ஓடறாளுங்க. வரிசை கலையாம, தண்ணி வந்துது, ஒவ்வொருத்தியா உள்ள போயிட்டு வந்தாங்க, வகுப்புக்குப் போனாங்க. அரை நாளுகூட ஆகலீங்க. பெரிய சண்டையா வந்திருந்தாக்கூட நான் சமாளிச்சிருப்பேன். சண்டையே வரல.

எனக்குத் தாங்கல. அத்தனை பேரு முன்னால கத்தினேன். 'ஆரைக் கேட்டுச் சாவியை எடுத்தே? உனக்கு என்னடி தெரியும் பள்ளிக்கூடத்தைப் பத்தி?'

அவ திரும்பினா. சத்தம் போடலீங்க. ஊட்டுல குழம்புக்கு உப்புப் போதுமான்னு கேக்கற குரல்லதான் சொன்னா.

'நானும் இதே பள்ளிக்கூடத்துலதானுங்க படிச்சேன். பொண்ணு பாக்க வந்தப்ப, ஒம்பதாவதோட நின்னுட்டா, படிப்பு ஏறலைன்னு எங்கய்யன் சொன்னாருல்லீங்க? படிப்பு நல்லா ஏறுச்சுங்க. வகுப்புல நான்தான் மொதல். வயசுக்கு வந்த பொறவு ஒதுங்க எடமில்ல. முள்ளுக்காட்டுக்குப் போனா பசங்க கல்லெறிவாங்க. ஒருநா பாவாடையில பட்டுருச்சு. அன்னைக்கு ஊட்டுக்கு வந்தவதானுங்க, திரும்பப் போகல.'

சொல்லிட்டுக் குடத்தை எடுத்துட்டுப் போயிட்டா. கதிரேசன் சார் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. இத்தனை வருசம் என் கூட வாழ்ந்தவ, இதை ஒரு நாள் என்கிட்டச் சொன்னதில்லீங்க. ஊரு முன்னால சொல்றா! அதுக்கும் அந்த டீச்சரம்மாதான காரணம்? வெள்ளிக்கிழமையில பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்கறாங்க, பொண்ணு ஊட்டுல வந்து அம்மாக்காரிக்குச் சொல்லிக் குடுத்திருக்கறா. ஒரு பள்ளிக்கூடம் ஒரு குடும்பத்தை எப்படிக் கெடுக்குதுன்னு பாருங்க.

இதோட முடிஞ்சுதான்னா, இல்ல. கழுவறதுக்கு ஆளில்லையே, இப்ப என்ன பண்ணுவீங்கன்னு நான் கதிரேசன் சாரைக் கேட்டேன். ஆளு போடற வரைக்கும் முறை வெச்சுக் கழுவிக்கறோம்னு புள்ளைங்களே சொல்லிட்டாங்களாம். டீச்சரம்மாவும் அந்த முறையில இருக்கறாங்க. பசங்க எல்லாம் அவங்க பக்கத்துக் கழிப்பறையை அவங்க கழுவோணுமாம், அது வேற. திங்கக்கிழமை போயிப் பாக்கறேன், எம் பொண்ணு கையில வெளக்குமாறு. பக்கத்துல பவித்ரா தண்ணி ஊத்தறா. ரெண்டு பேரும் எதுக்கோ சிரிக்கறாங்க. எம் பொண்ணு அப்படிச் சத்தமாச் சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்க. எனக்குக் கண்ணு இருட்டிப் போச்சு.

நேரா வந்து மாரப்பன்கிட்டச் சொன்னேன். நல்லவிதமாத்தான் சொன்னேன். 'மாரப்பா, உம் பொண்ணை அந்த வேலையைப் பாத்துக்கச் சொல்லு. உங்களுக்குப் பழக்கப்பட்டதுதான. மத்த புள்ளைங்க படிக்கட்டும்'னேன். இதுல என்னங்க தப்பு? முன்னெல்லாம் பள்ளிக்கூடத்துல அப்படித்தான் நடந்துது. அவங்களும் செஞ்சாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல.

அவன் கொஞ்ச நேரம் வண்டியைத் தொடச்சுட்டே இருந்தான். பொறவு, 'உங்க பொண்ணு கழுவற நாள்ல எம் பொண்ணும் கழுவுமுங்க. எம் பொண்ணு தனியாக் கழுவாதுங்க'ன்னான். சொல்லிட்டு, கார் சாவியை மேசை மேல வெச்சுட்டு நடந்து போயிட்டான். என் அப்பன் காலத்துல இருந்து எங்க வாசல்ல நின்ன குடும்பம். அவன் திரும்பிக்கூடப் பாக்கலீங்க. அவனும் மன்றத்துல சேந்துட்டான் போல இருக்குது!

அதான் தம்பி, இன்னைக்கு பஸ்ல போறேன். கல்வி அதிகாரியைப் பாத்து அந்த டீச்சரம்மாவைத் தாளவாடி மலைக்கோ பர்கூர் மலைக்கோ மாத்தச் சொல்லப் போறேன். ஊட்டுல ஒரு வாரமா சோறு போடறாங்க, தண்ணி வெக்கறாங்க, ஒண்ணும் கேக்கறதில்ல. காலையில செருப்பைப் போடும்போது மௌனிகா வந்தா. 'டீச்சரை மாத்தச் சொல்லத்தான் போறீங்களாப்பா?'ன்னா. அப்பான்னுதான் கூப்பிட்டா. ஆமான்னேன். அழுவான்னு பாத்தேன், கால்ல விழுவான்னு பாத்தேன். 'சரிங்கப்பா. நாங்களும் வருவோம். எங்க பக்கத்தையும் அவரு கேக்கோணும்'னா. நாங்கன்னா ஆருன்னு கேட்டேன். 'அம்மாவும்தான்'னா.

சித்தோடு தாண்டிருச்சுங்களா? அப்ப இன்னும் கொஞ்ச நேரந்தான். நீங்க படிச்சவரு. பாத்தாத் தெரியுது. எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. அந்த அதிகாரி மொதல்ல என்ன கேப்பாரு? 'டீச்சர் என்னய்யா தப்புப் பண்ணினாங்க?'ன்னு கேப்பாரு. காலையில இருந்து அதைத்தான் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டே வர்றேன். சரியாக் கூடி வரமாட்டேங்குது.

'புள்ளைங்களைத் தூண்டிவிட்டாங்க'ன்னு சொல்லலாம். எதுக்குத் தூண்டினாங்கன்னு கேப்பாரே? தண்ணி குடிக்கன்னா சொல்றது? 'வகுப்பைப் புறக்கணிக்க வெச்சாங்க'ன்னா, திறந்துவிட்டதும் வகுப்புக்குப் போயிட்டாங்களேன்னு கதிரேசன் சாரு போட்டுக் குடுத்துருவாரு. 'பாடம் நடத்தறதில்ல'ன்னு சொல்லலாம்னா, அந்தம்மா பாடத்துல ஒருத்தரும் ஃபெயில் இல்ல. 'பொண்ணுங்க எதிர்த்துப் பேசறாங்க'ன்னா, என்ன பேசினாங்கன்னு கேப்பாரு. பூட்டியிருந்ததைத் திறக்கச் சொன்னாங்கன்னு சொன்னா, பூட்டினது ஆருன்னு கேப்பாரு. அந்தம்மா எம் மானத்தை வாங்கினாங்க தம்பி, என் ஊட்டைக் கலைச்சாங்க, எனக்கு இருந்த மரியாதை எல்லாம் மண்ணாப் போச்சு. அது எனக்குத் தெரியுது. இத்தனை கோவம் இருக்குது, எடுத்துச் சொல்லத்தான் வார்த்தை சிக்கமாட்டேங்குது.

இதுக்கு ஒரு பேரு இருக்கோணுமில்ல? சட்டத்துல இருக்கோணும், விதியில இருக்கோணும். ஒரே ஒரு வார்த்தை போதும், அதைச் சொல்லி உக்காந்துக்குவேன். அடுத்த ஸ்டாப்புல எறங்கோணும், கண்டக்டர் விசில் ஊதறாரு பாருங்க. சொல்லுங்க. ஏனுங்க இப்படிப் பாக்கறீங்க? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க தம்பி. அட, வாயைத் திறந்து பேசுங்கன்னா.